யார் அடுப்புக் கரி

"அந்த அடுப்ப நீ நகர்த்தாம நான் இந்த வாசலத் தாண்டப் போறதில்ல."

"தாண்ட வேணாம், உள்ளயே இரு. வார்டுல இருக்கிற புள்ளைங்களுக்கு ஊசி பயமில்லாம ஒருநாள் போகட்டும்."

"வாய மட்டும் நல்லாச் சுட்டு வச்சிருக்க, போமாம்மா. இதப் பாரு. நேத்துத் துவைச்சுக் காயப்போட்டது. இந்தக் கழுத்தப் பாரு, கையப் பாரு. நான் நர்ஸா, கரி மூட்ட தூக்குறவளா?"

உகோன்மா தன் வெள்ளைச் சீருடையை இரண்டு கைகளாலும் விரித்து நீட்டினாள். தோள்பட்டையிலிருந்து விளிம்பு வரை, மிளகை அரைத்துத் தூவியதுபோல் கறுப்புப் பொட்டுகள். ஒன்றைத் தேய்த்துத் துடைக்கப் பார்த்திருக்கிறாள் போல. அது வால்முளைத்து இடுப்புவரை இழுத்துக்கொண்டு போயிருந்தது.

இபிசோ விசிறுவதை நிறுத்தவில்லை. ஓர் இரும்பு டிரம்மை நெடுக்காகப் பிளந்து செய்த அடுப்பு அவளுடையது. மேலே கம்பி வலை, வலைமேல் பாதி வெந்த வாழைக்காய்கள், ஓரத்தில் முதுகு கீறி மிளகாய் அடைத்த இரண்டு கானாங்கெளுத்திகள். காம்பவுண்டு வாசலின் இடப்பக்கம், தகரச் சாய்ப்பின் கீழே, பதினொரு வருடமாக அது அங்கேயே இருந்தது. புருஷன் செத்த வருடம் மூட்டிய நெருப்பு. மகள் போமா கலபார் நகரத்துக் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிறாள் என்றால், அந்த நெருப்புதான் படிக்க வைக்கிறது. நெரிசலான இந்த டியோபு பேட்டையில் இன்னொரு வாசல் கிடைப்பது, கடலில் இன்னொரு கரை தேடுவதுபோல.

"என் அடுப்புக் கரி இல்ல இது," என்றாள் இபிசோ. "வானத்துக் கரி."

"வானமா வந்து வாசல்ல உக்காந்து மீன் சுடுது?"

தண்ணீர்க் குடத்தோடு நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு உகோன்மாவின் பக்கம் சாய்ந்ததை இபிசோ கவனித்தாள்.

அந்த ஜனவரியில் போர்ட் ஹார்கோர்ட்டில் எல்லோருக்கும் மூக்கு கறுத்திருந்தது. காலையில் கைக்குட்டையால் துடைத்தால் மை ஒத்தியதுபோல் வரும். வெறுங்காலோடு வீட்டுக்குள் நடந்தால் பாதம் கறுப்புச் செருப்பு போட்டுக்கொள்ளும். ஜன்னலை அடைத்துவைத்தவர்கள் வீட்டிலும், மூடியிருந்த பானைச் சோற்றின் மேலும், கைக்குழந்தையின் காது மடலிலும் அது இருந்தது. எங்கிருந்து வருகிறதென்று ஒருவருக்கும் தெரியாமல் இல்லை. ஓடைகளுக்கு அப்பால், சதுப்புக் காட்டுக்குள், திருட்டுக் கச்சா எண்ணெயை டிரம்களில் ஊற்றிக் காய்ச்சுகிற கேம்புகள் இருந்தன. இரவெல்லாம் எரியும், விடிந்ததும் அந்தப் புகை ஊர்மேல் இறங்கும். ஆனால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் கேம்பில் ஒரு தம்பி இருந்தான், இல்லையென்றால் ஒரு மச்சான். அதனால் ஊர் கண்ணெதிரே தெரிகிற புகையைத் திட்டியது. இந்தக் காம்பவுண்டில் கண்ணெதிரே தெரிந்தது இபிசோவின் புகை.

பல்குச்சியை மென்றுகொண்டே வீட்டுக்காரர் ஒவுந்தா வந்தார். பதினாறு அறைக்கும் சொந்தக்காரர் என்பதால் சண்டைக்கு நடுவில் நிற்பதும் அவர் வேலைதான்.

"காலங்காத்தால என்னம்மா?"

"தலைவரே, நீங்களே சொல்லுங்க," என்று உகோன்மா சீருடையை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். "மாசத்துல இது மூணாவது."

ஒவுந்தா பார்த்தார். பல்குச்சியை இடது கடைவாயிலிருந்து வலது கடைவாய்க்கு மாற்றினார். "நாலு பேரு ஏற்கெனவே எங்கிட்ட சொல்லிட்டாங்க, இபிசோ. நான்தான் காதுல போட்டுக்காம இருந்தேன்."

"தலைவரே, அடுப்புக்கரிச் சாம்பல் நரை நிறமா இருக்கும். ஊதினாப் பறந்துடும். தண்ணில போட்டாக் கலங்கி அடியில உக்காந்துடும். இவ துணில இருக்கிறது ஊதினா நகருதா? தேய்ச்சா கண்மை மாதிரி இழுக்குது. தண்ணில போட்டுப் பாருங்க, மெதக்கும். மேல எண்ணெ மினுங்கும். பதினொரு வருஷமா நெருப்போட இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"அப்ப காட்டு."

"காட்டுறேன்."

"ஞாயித்துக்கிழம, சர்ச் முடிஞ்சதும். எல்லார் முன்னாடியும். உன் அடுப்புக் கரி இல்லன்னா இனி ஒருத்தரும் வாயத் தெறக்கக் கூடாது. உன் அடுப்புக் கரிதான்னா, திங்கக்கிழம இந்த வாசல்ல நெருப்பு இருக்கக் கூடாது. சரியா?"

"சரி," என்றாள் இபிசோ, கொஞ்சமும் யோசிக்காமல். அவ்வளவு நிச்சயமாக இருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் தம்பி டகோகோ வந்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவான். கையில் ஐந்து லிட்டர் கேனில் கெரசின் இருக்கும். அக்காவுக்கென்று தனியாக எடுத்து வைத்தது. கடையில் வாங்கும் கெரசினைவிடக் கொஞ்சம் கறுப்பு, அவ்வளவுதான். தினமும் விடியற்காலையில் இபிசோ அதிலிருந்து ஒரு குவளை எடுத்து அடுப்புக்கரிமேல் ஊற்றித் தீக்குச்சி கிழிப்பாள். ஐந்து நிமிடத்தில் நெருப்பு தயார். அவன் எங்கே வேலை பார்க்கிறான் என்று அவள் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை. இந்தத் தடவை இடது புருவம் பாதி கருகியிருந்தது.

"என்னடா புருவம்?"

"ஸ்டைலு."

"ஸ்டைல் செஞ்ச பார்பர் கைய உடைக்கணும். உக்காரு."

அவன் முக்காலியில் உட்கார்ந்து, சுட்ட வாழைக்காயை மிளகாய்ச் சாற்றில் முக்கி முக்கித் தின்றான். இருபத்தெட்டு வயது. தின்னும்போது மட்டும் எட்டு வயது. அம்மா போனபின் அவனுக்குச் சோறு போட்டது அவள்தான். இருமினான். இருமி முடித்து, உள்ளங்கையைப் பார்க்காமலே கால்சட்டையில் துடைத்தான்.

நாளைக்கு நடக்கப்போவதை அவள் சொன்னாள். அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"ஏங்க்கா ஊர் வாயக் கிளறுற? நகர்த்தச் சொன்னா ரெண்டு நாள் நகர்த்திட்டு மறுபடி வையி."

"நகர்த்துனா அந்த எடத்துல ரீசார்ஜ் கார்டு விக்கிறவன் குடை விரிச்சிருவான். உனக்கு என்ன பயம்? நான் என் அடுப்பப் பத்தித்தான் பேசப்போறேன்."

"வானத்துக் கரின்னு சொல்லுவ இல்ல?"

"வானத்துல இருக்குறத வானம்னுதான சொல்லணும்."

அவன் முக்காலியிலிருந்து எழுந்தான். கிளம்பும்போது கேனைச் சாய்ப்பின் கீழே, வழக்கமான இடத்தில் வைத்துவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சர்ச் உடுப்பைக் கழற்றாமலே கூடிவிட்டார்கள். பெண்களின் தலைக்கட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கோபுரம். இபிசோ இரண்டு வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களில் தண்ணீர் எடுத்து முக்காலியில் வைத்தாள். உகோன்மா இரண்டு துண்டுப் பஞ்சுத்துணி கொண்டுவந்திருந்தாள்; கட்டுப்போடுகிற துணி.

"நாளைக்குத் துணில கோளாறுன்னு சொல்லக் கூடாது பாரு," என்றாள்.

"உன்கிட்ட கோளாறு இல்லாத ஒண்ணு அந்தத் துணிதான்," என்றாள் இபிசோ. கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பு தன் பக்கம் சாய்ந்ததும் அவளுக்குத் தெம்பு வந்தது.

முதல் துண்டால் உகோன்மாவின் ஜன்னல் விளிம்பைத் துடைத்தார்கள். துணி கறுத்தது. கிண்ணத்தில் முக்கி அசைத்ததும் கறுப்பு பிரிந்து தண்ணீர்மேல் மிதந்தது. அதைச் சுற்றி மெல்லிய எண்ணெய்ப் படலம், மயிற்கழுத்துபோல் நிறம் மாற்றி மாற்றிக் காட்டியது. ஒவுந்தா குனிந்து, விரலால் தொட்டு, கட்டைவிரலில் தேய்த்தார். இழுத்துக்கொண்டது.

"இது வானத்தோடது," என்றாள் இபிசோ. "இப்ப என்னோடதப் பாருங்க."

இரண்டாவது துண்டால், தன் அடுப்புக்கு நேர் மேலே தகரச் சாய்ப்பின் அடிப்பக்கத்தை அவளே துடைத்தாள். பதினொரு வருடப் புகை படிந்த இடம். துணியைப் பார்க்கவும் இல்லை. நேரே கிண்ணத்தில் முக்கினாள்.

கறுப்பு மிதந்தது. சுற்றிலும் எண்ணெய் மினுங்கியது.

கூட்டம் எட்டிப் பார்த்தது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு ஆண் குரல், "வானம் இங்க வந்துதான் மீன் சுடுது போல!" என்றது. காம்பவுண்டே அதிர்ந்தது. உகோன்மா மட்டும் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கிழம," என்றார் ஒவுந்தா, மெதுவாக. அவருக்கும் அது பிடிக்கவில்லை என்று முகம் சொன்னது.

இபிசோ கிண்ணத்தின்மேல் குனிந்தாள். தண்ணீரில் விரலை விட்டாள், கறுப்பை எடுத்தாள், தேய்த்தாள், மூக்கருகே கொண்டுபோனாள். அப்போதுதான் அந்த வாசம் அவளுக்கு உறைத்தது. சாம்பலின் வாசம் இல்லை. மீன் கொழுப்பின் வாசமும் இல்லை. தினமும் விடியற்காலையில் முகர்ந்து முகர்ந்து, மூக்குக்கே தெரியாமல் போன வாசம். அவள் கண், சாய்ப்பின் கீழே இருந்த கேனுக்குப் போயிற்று.

சொல்லாமல் விட்டால் வாசல் போகும். சொன்னால், இந்தக் காம்பவுண்டில் இதுவரை எவரும் சொல்லாததைச் சொன்னவள் ஆவாள்.

"தலைவரே," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "இது அடுப்புக்கரிலருந்து வந்ததில்ல. கெரசின்லருந்து வந்தது. நான் கெரசின் ஊத்தித்தான் நெருப்பு மூட்டுறேன்."

"எந்தக் கெரசின்?" என்று உகோன்மா கேட்டாள்.

"என் தம்பி காய்ச்சுனது."

கூட்டத்தில் தலைக்கட்டுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. எல்லாம் தரையைப் பார்த்தன. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பின்வரிசைக் குரல்காரனுக்கு வாய் போன இடம் தெரியவில்லை. ஒவுந்தாவின் பல்குச்சி அசையாமல் நின்றது; பதினாறு அறைக்கும் கரண்ட் தருகிற அவர் ஜெனரேட்டருக்கு டீசல் எங்கிருந்து வருகிறது என்பதைக் காம்பவுண்டின் கோழிகள்கூட அறியும்.

"உங்க வீட்டு ஸ்டவ்ல என்ன எரியுதுன்னு நான் கேக்கல," என்றாள் இபிசோ. "எனக்கு ஒரு வாரம் மட்டும் குடுங்க. அந்தக் கெரசின் இல்லாம மூட்டுறேன். இந்தத் தகரத்தத் தேய்ச்சுக் கழுவுறேன். அப்புறமும் மினுங்குச்சுன்னா நானே அடுப்பத் தூக்கித் தெருவுல வைக்கிறேன்."

ஒவுந்தா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் உகோன்மா, "கழுவுன தகரத்துல புதுத் துணி நான் கட்டுறேன். நானே அவுப்பேன். எங்க ஆஸ்பத்திரில ஒரு தடவ பாத்துட்டு ரிப்போர்ட் எழுதுற பழக்கம் கிடையாது," என்றாள்.

"நீ யார் பக்கம்?" என்றார் ஒவுந்தா.

"என் சீருடை பக்கம்."

அந்த வாரம் இபிசோவுக்கு ஒரு யுகமாக இருந்தது. கேனை இறுக மூடி அறைக்குள் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். தகரத்தைச் சவுக்காரம் போட்டுத் தேய்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. ஆனால் பதினொரு வருடத்துக்குப் பிறகு தகரத்துக்கு நீல நிறம் என்று தெரிந்தது. உகோன்மா முக்காலிமேல் ஏறி, அடுப்புக்கு மேலே, வானத்துக் கரி படாதபடி தகரத்தின் அடியோடு ஒட்டி ஒரு வெள்ளைத் துணியும், வாசலுக்கு வெளியே விளக்குக் கம்பத்தில் ஒரு வெள்ளைத் துணியும் கட்டினாள்.

"கம்பத்துல எதுக்கு?"

"உன்னோட வானத்துக்கு."

நெருப்பு மூட்டுவதுதான் பாடு. தேங்காய் மட்டையை நாராகக் கிழித்து, கூடு கட்டி, நடுவில் சிறு கரித்துண்டுகளை வைத்து ஊத வேண்டும். முதல் நாள் நெருப்பு பிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆறு மணிக்கு வரும் வெல்டிங் பட்டறை ஆட்கள் பச்சைக் காயைப் பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். இரண்டாம் நாள் முக்கால் மணி. மூன்றாம் நாள் நார் ஈரமாயிருந்ததால் புகை கிளம்பி அவள் கண்ணையே எரித்தது. கட்டிலுக்குக் கீழே இருக்கும் கேன் நினைவுக்கு வந்தது. ஒரே ஒரு குவளை. யாருக்குத் தெரியும்? எழுந்து அறை வரைக்கும் போனாள். கதவைத் திறந்தாள். மறுபடி மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அப்போது இரவுப் பணி முடிந்து உகோன்மா கேட்டுக்குள் நுழைந்தாள். கசங்கிய சீருடை, கையில் செருப்பு. பையைக் கீழே வைத்தாள், குந்தி உட்கார்ந்தாள், விசிறியைப் பிடுங்கினாள்.

"இப்படியா விசிறுவ? நெருப்பு பயந்து ஓடிரும். கீழருந்து விசிறு, மூச்சு விடுற மாதிரி. புள்ளைக்குக் காத்து பிடிக்கிற மாதிரி."

"நர்ஸம்மாவுக்கு அடுப்பு மூட்டவும் தெரியுமா?"

"மூச்சு தெரியும்." கொஞ்ச நேரம் விசிறினாள். "ராத்திரி வார்டுல ஆறு புள்ளைங்க, போமாம்மா. ஆறும் மூச்சுத் திணறலுக்கு. ஒண்ணோட மூக்கத் துடைச்சேன். உன் தகரம் மாதிரி இருந்துச்சு." விசிறியை இன்னும் தாழ்த்திப் பிடித்தாள். நார் சட்டென்று பற்றிக்கொண்டது. இருவர் முகத்திலும் வெளிச்சம் பட்டது.

வெள்ளிக்கிழமை இருபது நிமிடத்தில் நெருப்பு தயார். வெல்டிங் பட்டறைக்காரர்களில் ஒருவன் முதல் வாயிலேயே நிமிர்ந்தான். "அக்கா, இன்னிக்கு ருசி வேற மாதிரி இருக்கே. முந்தியெல்லாம் பின்னால ஒரு பெட்ரோல் பங்க் வாசம் அடிக்கும்."

"இத்தன வருஷம் ஏன்டா சொல்லல?"

"மீனோட வாசம்னு நெனச்சேன்."

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போன வாரத்தைவிடப் பெரிதாக இருந்தது. பக்கத்துக் காம்பவுண்டுகளிலிருந்தும் வந்திருந்தார்கள். உகோன்மா அடுப்புமேல் கட்டிய துணியை அவிழ்த்தாள். இபிசோ கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று பார்த்தாள், மூடவில்லை. துணி நரைத்திருந்தது. ஒவுந்தா குனிந்து ஊதினார்; பாதி பறந்து அவர் மீசையிலேயே ஒட்டிக்கொண்டது. கிண்ணத்தில் முக்கினார்கள். தண்ணீர் அரிசி கழுவியதுபோலக் கலங்கியது. சாம்பல் மெல்லச் சுழன்று சுழன்று அடியில் போய் உட்கார்ந்தது. மேலே மீன் கொழுப்பாக இரண்டு சின்னப் பொட்டுகள். நிறம் காட்டுகிற படலம் இல்லை.

கம்பத்துத் துணியை எவரும் கிண்ணத்தில் போடச் சொல்லவில்லை. அதை விரித்துப் பிடித்ததுமே போதுமாயிருந்தது. கறுப்பு.

"அடுப்பு இருக்கட்டும்," என்றார் ஒவுந்தா. பிறகு யாரையும் பார்க்காமல், "வர்ற மாசம் டீசல் நான் பங்க்லயே வாங்கிக்கிறேன். வெல கூடதான். ராத்திரி ஒம்பதுக்கு மேல ஜெனரேட்டர் கெடையாது, இப்பவே சொல்லிட்டேன்," என்றார். ஃபேன் இல்லாமல் எப்படித் தூங்குவது என்று இரண்டு பேர் முனகினார்கள். அவர் காதில் விழவில்லை, அல்லது விழாததுபோல் இருந்தார்.

பக்கத்துக் காம்பவுண்டுப் பெண்ணொருத்தி உகோன்மாவின் கையைப் பிடித்தாள். "சிஸ்டர், அந்தத் துணி எங்களுக்கும் கெடைக்குமா? எங்க தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல கட்டிப் பாக்கணும். என் மச்சானுக்குக் காட்டணும்." மச்சான் யார், எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஆனால் இம்முறை யாரும் தரையைப் பார்க்கவும் இல்லை.

கூட்டம் கலைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கேட்டுக்கு வெளியே, தெருவின் எதிர்ப்பக்கத்தில் டகோகோ நின்றான். எவ்வளவு நேரமாக நின்றானோ. கையில் புதுக் கேன்.

"வா," என்றாள் இபிசோ.

அவன் வந்தான், உட்காரவில்லை. "என் பேரச் சொல்லிட்டியாம்."

"பேரச் சொல்லல. தம்பின்னு சொன்னேன்."

"உனக்கு எத்தன தம்பி இருக்கான்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்துவிட்டது, அடக்கப் பார்த்து இருமலாக முடிந்தது. நீண்ட இருமல். சாய்ப்புக் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினான். அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் அவன் உள்ளங்கையை மறைப்பதற்குள் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையில் கறுப்பு இழுத்திருந்தது. தன் இடுப்புத் துணியின் நுனியால் துடைத்துவிட்டாள்.

"அங்க என்னாலதான் புகை வருதுன்னு நெனைக்கிறியா?" என்றான். "நான் போகலன்னா இன்னொருத்தன் போவான். டிரம் அணையாதுக்கா."

"டிரம்மப் பத்தி எனக்கென்ன தெரியும். எனக்கு உன்னத்தான் தெரியும்." அவள் கேனை அவன் கையிலிருந்து வாங்கவில்லை. "ரெண்டு மீன் போட்டா பதினஞ்சு பேரு காத்து நிக்கிறாங்க. மீன் பக்கம் பாக்க எனக்கு ஆளில்ல. மீன் வாங்குற துறை உனக்கு என்னவிட நல்லாத் தெரியும். எவன் பழச வச்சு ஏமாத்துவான்னு தெரியும். அங்க கெடைக்கிற காசு இங்க கெடைக்காது. அது எனக்குத் தெரியாமலா? மூச்சு கெடைக்கும். அவ்வளவுதான் என்கிட்ட இருக்கு."

அவன் கேனை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். தெருவில் ஒரு ஆட்டோ போயிற்று. எதிர்வீட்டுக் கொடியில் ஒரு பெண் துணிகளை எடுத்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"கேம்புக்குப் போற படகு எத்தன மணிக்கு?" என்று இபிசோ கேட்டாள்.

"காலைல நாலரை."

"நாலரைக்கு நான் நார் கிழிச்சுக்கிட்டு இருப்பேன்." அவன் கருகிய புருவத்தைக் கட்டைவிரலால் தொட்டாள். "டகோகோ, நாளைக்கு ஒருநாள், அந்தப் படகு உன்ன விட்டுட்டுப் போகட்டுமேடா?"